செயப்பாட்டு வினை

தம்புச்செட்டித் தெருவில் மாடிப்படிக்குக் கீழே
ஒரு கணினி, ஒரு பிரிண்டர், தலையாட்டாத மின்விசிறி.
வக்காலத்து, வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம்,
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
பன்னிரண்டு வருடமாக
அடுத்தவர் வழக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
விரல் படிக்கும், நான் படிப்பதில்லை.

உண்ணாமலை வந்தது ஒரு வியாழக்கிழமை.
செங்குன்றத்திலிருந்து பஸ்.
மழைக்குப் பயந்து
ரேஷன் பையில் சுற்றிய நான்கு நோட்டு.
'புஸ்தகமாப் போடணும் சார்.
தப்பு இருந்தா இருக்கட்டும்.'

விசித்திரமான கையெழுத்து.
'ஆ'வுக்குச் சுழி தனியே, வால் தனியே.
'ழ' மூன்று துண்டு.
எங்கே படித்தீர்கள் என்றேன்.
'மூட்டையில.'

வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து
நீல மை பூசுவார்கள்:
பொன்னி. புழுங்கல். இருபத்தைந்து கிலோ.
பதினாறு வருடம் அதையே பார்த்திருக்கிறாள்.
எழுத்தின் நடு உதிராமலிருக்கத்
தகரத்தில் விட்ட இடைவெளியையும்
எழுத்தென்றே கற்றிருக்கிறாள்.

முதல் நோட்டு:
'மாமனார் வாங்கின முன்பணம் மூவாயிரம்.
மாமனார் செத்தார்.
மூவாயிரம் சாகலை.'

இன்னொரு பக்கம், நடுவில் இரண்டே வரி:
'மகன் பொறந்த அன்னிக்கு மழை.
தார்ப்பாய் நெல்லுக்குத்தான் மொதல்ல.'

இங்கே என் விரல் நின்றது.
வெளியே யாரோ ஜெராக்ஸ் கேட்டார்கள்,
இல்லை என்றேன்.
மெஷின் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

மூன்றாவது நோட்டு முழுக்க
வெளியே வந்தபின் அவள் போட்ட மனுக்கள்.
ஊத்துக்கோட்டைச் சூளையில் பதினோரு பேர்.
மாதவரம் முறுக்குக் கம்பெனியில் ஆறு பையன்கள்.
சவுக்கு வெட்டப் போய்த் திரும்பாத குடும்பம் ஒன்று.
பதில்களையும் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள்:
'நேரில் விசாரித்ததில் அவ்வாறு எவரும் இல்லை
எனத் தெரிவிக்கப்படுகிறது.'
அதன்கீழ் அடுத்த மனு:
'ஐயா, நீங்கள் போனது பகலில்.
பகலில் அவர்களைப் பூட்டி வைப்பார்கள்.
நெல் அவிக்கும் நேரம் ராத்திரி இரண்டு மணி.
அப்போது போங்கள். நானும் வருகிறேன்.'

மெய்ப்புப் பார்க்க மறு வியாழன் வந்தாள்.
வரிக்கு வரி விரல் வைத்து,
உதடு அசைய, அவசரமில்லாமல்.
முப்பத்தோராம் பக்கத்தில் நிமிர்ந்தாள்.
'விடுவிக்கப்பட்டேன். இது யாரு எழுதினது?'

நான்தான்.
சான்றிதழில் விடுவிக்கப்பட்டார் என்றிருந்தது,
அழகாக இருக்கட்டுமென்று அதை எடுத்துப் போட்டேன்.

'அப்படின்னா?'
'யாரோ உங்களை விடுவித்தார்கள் என்று.'

'மதில் ஏறிக் குதிச்சேன் சார்.
இந்தக் கால் அப்பத்தான் போச்சு.
புழல் ரோட்டுல ஒரு தண்ணி லாரி ஏத்திக்கிச்சு.
பொன்னேரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் புங்கமரத்தடியில
மூணு நாள் கெடந்தேன்.
அவுங்க ஜீப்பு மில்லுக்கு வந்ததே
முன்சீட்டுல உக்காந்து நான் வழி சொல்லித்தான்.'

பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்:
செயப்பாட்டு வினையில்
செய்தவர் பின்னால் போய்விடலாம்,
சொல்லாமலே விடலாம்.
எழுவாய் என்ற சொல்
எழச் சொல்லும் சொல்லாகவும் இருப்பதை
அன்று யாரும் சொல்லவில்லை.

அழித்தேன்.
'வெளியே வந்தேன்' என்று அடித்தேன்.
'ஆங்' என்றாள்.

மொத்தம் நாற்பத்தாறு பக்கம்.
சுருக்குப்பையில் எண்ணூற்று அறுபது இருந்தது.
மீதியை அப்புறம் கொடுங்களேன் என்றேன்.
முகம் மாறியது. 'பாக்கி வெக்கறதில்ல.'
கடைசி மூன்று பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு
நாற்பத்து மூன்றோடு போய்விட்டாள்.

வியாழன் வர இன்னும் நான்கு நாள்.
அந்த மூன்று பக்கமும் பட்டியல்.
பெயர், வயது, எந்த மில், எவ்வளவு முன்பணம்.
இன்னும் உள்ளே இருப்பவர்கள்.
விரலை எடுத்துவிட்டுப் படிக்கிறேன்.
ஒரு வரியில் மட்டும் பெயருக்கான இடத்தில்
துண்டு துண்டாக:
'பேர் தெரியலை. நீலத் தாவணி.
சன்னல் வழியா மணி கேட்டுது.'